சிந்திய நெல்: கல்லீரல் நொதிகள் ஏன் கூடுகின்றன?

முழு உடல் பரிசோதனை முடிந்து கைக்கு வரும் அறிக்கையில் கல்லீரலுக்கென்று ஒரு பக்கம் இருக்கும். பிலிருபின், ஆல்புமின், எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., அல்கலைன் பாஸ்பட்டேஸ், காமா ஜி.டி. என்று இடப்பக்கம் பெயர்கள், நடுவில் எண்கள், வலப்பக்கம் இயல்பான அளவு. எண் எல்லையைத் தாண்டிவிட்டால் அதைத் தடித்த எழுத்தில் அச்சிட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டிருப்பார்கள். 40-க்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. 68 என்றிருக்கும். அந்த ஒரு வரி போதும், வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒரு கட்சி 'ஈரல் கெட்டுப்போச்சு' என்று முடிவுகட்டிப் பத்தியத்தையும் கஷாயத்தையும் தொடங்கிவிடும். மற்றது 'இந்தக் காலத்துல யாருக்குத்தான் இது இல்ல' என்று அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடும். இரண்டு கட்சியும் செய்வது ஒரே தவறுதான்: அந்த எண்ணைக் கல்லீரலுக்குப் போட்ட மதிப்பெண்ணாகப் படிக்கின்றன. அது மதிப்பெண்ணே இல்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். எங்கோ சில செல்கள் சேதமாகி, உள்ளே இருந்தது வெளியே சிந்தியிருக்கிறது என்ற தகவல் மட்டுமே அந்த எண்ணில் இருக்கிறது. எந்த உறுப்பின் செல், எதனால் சேதமானது, இன்னும் சேதமாகிக்கொண்டிருக்கிறதா என்பதையெல்லாம் நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழப்பத்தின் வேர் சோதனையின் பெயரிலேயே இருக்கிறது. இதை 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்கிறோம், அதாவது கல்லீரல் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் சோதனை. கல்லீரலின் வேலைகள் என்னென்ன? ரத்தத்துக்கு ஆல்புமின் என்ற புரதத்தைத் தயாரித்துத் தருவது, ரத்தம் உறைவதற்கான புரதங்களைச் செய்வது, பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் வரும் மஞ்சள் நிறமியான பிலிருபினைப் பித்தநீரில் கலந்து வெளியேற்றுவது, மருந்துகளையும் நச்சுகளையும் உடைப்பது, சர்க்கரையைச் சேமித்து வேண்டும்போது கொடுப்பது. இவற்றில் முதல் மூன்றை ஆல்புமின் அளவும், ரத்தம் உறைய ஆகும் நேரமும், பிலிருபினும் ஓரளவு காட்டிவிடும். எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் இவற்றில் எதையும் காட்டுவதில்லை. அவை கல்லீரல் செல்லுக்குள்ளே இருந்து வேலை பார்க்கும் நொதிகள், அதாவது என்சைம்கள். நாம் சாப்பிடாமல் இருக்கும் நேரத்தில் தசைகள் ஆலனைன் என்ற அமினோ அமிலத்தை ரத்தத்தின் வழியே கல்லீரலுக்கு அனுப்புகின்றன. எஸ்.ஜி.பி.டி. அதிலிருக்கும் அமினோ பகுதியைக் கழற்றி இன்னொரு மூலக்கூறில் மாட்டிவிடுகிறது; மீதமுள்ளதைக் கொண்டு கல்லீரல் குளுக்கோஸ் செய்து மூளைக்கும் ரத்த அணுக்களுக்கும் அனுப்புகிறது. இத்தனையும் செல்லுக்குள் நடக்கிற வேலை. ரத்தத்தில் அந்த நொதிக்கு எந்த வேலையும் கிடையாது. வண்டிப்பாதையில் நெல் சிந்திக் கிடந்தால், ஏதோ ஒரு மூட்டை கிழிந்திருக்கிறது என்று சொல்லலாம். களஞ்சியத்தில் இன்னும் எத்தனை மூட்டை பத்திரமாக இருக்கிறது என்பதைச் சிந்திய நெல்லைப் பார்த்துச் சொல்ல முடியாது. ரத்தத்தில் நாம் அளப்பது அந்தச் சிந்திய நெல்லைத்தான்.

ஆய்வகத்தில் இதை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இந்த எண்ணின் சுபாவம் இன்னும் தெளிவாகும். நொதியை யாரும் எடை போடுவதில்லை. அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெளிர்மஞ்சள் சீரத்தில் ஆலனைனையும் கூடத் தேவையான பொருள்களையும் சேர்க்கிறார்கள். சீரத்தில் எஸ்.ஜி.பி.டி. இருந்தால் ஆலனைன் பைருவேட்டாக மாறும். இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே, கலவையில் இன்னொரு நொதியையும் என்.ஏ.டி.ஹெச். என்ற பொருளையும் முன்கூட்டியே சேர்த்திருப்பார்கள். ஒவ்வொரு பைருவேட் உருவாகும்போதும் ஒரு என்.ஏ.டி.ஹெச். தீர்ந்துபோகும். இந்த என்.ஏ.டி.ஹெச். 340 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உறிஞ்சும் குணமுடையது. அது தீரத் தீர, குழாய்க்கு அந்தப் பக்கம் வந்து சேரும் ஒளி கூடிக்கொண்டே போகும். அந்த வேகத்தைக் கருவி கணக்கிட்டு எண்ணாக்குகிறது. ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பொருளை மாற்றினால் அது ஒரு அலகு. ஆக, 68 என்பது ஒரு லிட்டர் சீரத்தில் நொதி செய்துகாட்டிய வேலையின் வேகம். இதில் ஒரு நுட்பம் உண்டு. இந்த நொதி வேலை செய்ய வைட்டமின் பி6 துணைக்கு வேண்டும். பி6 குறைந்த உடலில் செல்கள் நிறையச் சேதமாகியிருந்தாலும் எண் அவ்வளவாக ஏறாமல் போகலாம். நீண்ட காலம் மது குடிப்பவர்களிடம் நடப்பது இதுதான். இதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

இந்த நொதிகள் மருத்துவத்துக்குள் நுழைந்த கதையே, அவை கல்லீரலுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல என்பதற்குச் சாட்சி. 1954-இல் நியூயார்க்கில் லாடூ, ருப்லெவ்ஸ்கி, கார்மன் ஆகிய மூவரும் எஸ்.ஜி.ஓ.டி.யை ஒரு நோயின் அடையாளமாக அறிவித்தார்கள். அந்த நோய் மாரடைப்பு. இதயத் தசை சிதையும்போது இந்த நொதி ரத்தத்தில் ஏறுவதை அவர்கள் கண்டார்கள். அதன்பின் பல ஆண்டுகள் மாரடைப்பைக் கண்டறியவே இது பயன்பட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில், 1955-இல், இத்தாலியின் நேப்பிள்ஸில் ஃபெர்னாண்டோ டி ரிட்டிஸும் அவருடைய சகாக்களும் வைரஸ் மஞ்சள் காமாலையில் இந்த நொதிகள் மிகக் கடுமையாக ஏறுவதைப் பதிவு செய்தார்கள். இதயத்துக்கு வேறு துல்லியமான சோதனைகள் வந்த பிறகு எஸ்.ஜி.ஓ.டி. கல்லீரல் பக்கத்தில் நிலைத்துவிட்டது. இன்று அறிவியல் வழக்கில் ஏ.எஸ்.டி. என்று அழைக்கப்படும் இது இதயம், தசை, சிறுநீரகம், ரத்தச் சிவப்பணு என்று பல இடங்களிலும் இருக்கிறது. ரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்தாலே இந்த எண் கூடிவிடும். ஏ.எல்.டி. எனப்படும் எஸ்.ஜி.பி.டி. கல்லீரலில் அதிகம், மற்ற இடங்களில் குறைவு. ஆனால் தசையில் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் பித்தநாளத்தை ஒட்டிய செல்களில் இருப்பதுபோலவே எலும்பிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கிறது. வளரும் பிள்ளைகளுக்கும், பிரசவ காலம் நெருங்கிய கர்ப்பிணிக்கும் அது கூடுவது வளர்ச்சியின் அடையாளம்.

தசை எந்த அளவுக்கு ஏமாற்றக்கூடும் என்பதை 2008-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு அழகாகக் காட்டியது. எடை தூக்கிப் பழக்கமில்லாத, ஆரோக்கியமான 15 ஆண்களை ஒரு மணி நேரம் எடைப் பயிற்சி செய்யவைத்தார்கள். அதன்பின் குறைந்தது ஏழு நாட்களுக்கு அவர்களுடைய ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. இரண்டும் உயர்ந்தே இருந்தன. காமா ஜி.டி., அல்கலைன் பாஸ்பட்டேஸ், பிலிருபின் மூன்றும் அசையவில்லை. தசையின் தனி அடையாளமான சி.கே. என்ற நொதி தாறுமாறாக ஏறியிருந்தது. புதிதாக ஜிம்மில் சேர்ந்த இளைஞர் அடுத்த வாரமே ரத்தப் பரிசோதனைக்குப் போனால், அறிக்கையில் நட்சத்திரம் விழும். அவருடைய கல்லீரல் ஒரு பாவமும் அறியாது. இதே குழப்பம் சில நேரம் வேதனையான வடிவம் எடுக்கிறது. டுஷேன் தசைச் சிதைவு என்ற பரம்பரை நோய் உள்ள சிறுவர்களுக்கு இந்த இரண்டு நொதிகளும் பல மடங்கு ஏறியிருக்கும். கல்லீரல் நோய் என்றே நினைத்து, ஊசியால் கல்லீரல் திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனை வரை அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஒரே ஒரு சி.கே. சோதனை அந்த அலைச்சலைத் தவிர்த்திருக்கும். எனவே முதல் கேள்வி, சிந்தியிருப்பது யாருடைய நெல் என்பதுதான்.

கல்லீரலுடையதுதான் என்று தெரிந்தால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது எந்தெந்த எண்கள் சேர்ந்து கூடியிருக்கின்றன என்பது. ஏ.எல்.டி.யும் ஏ.எஸ்.டி.யும் முன்னே நின்றால் கல்லீரல் செல்களே தாக்கப்படுகின்றன. அல்கலைன் பாஸ்பட்டேஸும் காமா ஜி.டி.யும் முன்னே நின்றால் பித்தநீர் ஓடும் வழியில் தடை இருக்கலாம்: பித்தக்கல், கட்டி, நாளங்களைத் தாக்கும் நோய், சில மருந்துகள். அல்கலைன் பாஸ்பட்டேஸ் மட்டும் கூடி காமா ஜி.டி. இயல்பாக இருந்தால் எலும்பைத் தேட வேண்டும். காமா ஜி.டி. மட்டும் கூடினால் மதுவோ, வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன் போன்ற மருந்தோ காரணமாக இருக்கலாம். எவ்வளவு உயரம் என்பதும் ஒரு தடயம்தான். ஏ.எல்.டி. ஆயிரக்கணக்கில் ஏறினால் சந்தேகப்பட வேண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை: கடுமையான வைரஸ் தொற்று, பாரசிட்டமால் போன்ற நச்சு, ரத்த அழுத்தம் திடீரென்று விழுந்து கல்லீரலுக்கு ரத்தம் போகாமல் நின்றது. இந்த நொதிகள் ரத்தத்திலிருந்து கழியும் வேகமும் துப்புக் கொடுக்கும். ஏ.எஸ்.டி. பாதியாகக் குறையச் சுமார் 17 மணி நேரம், ஏ.எல்.டி.க்குச் சுமார் 47 மணி நேரம். ஒருமுறை சிந்தி நின்றுவிட்டால் சில நாட்களில் எண் இறங்கியாக வேண்டும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், அன்றாடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

அப்படி மெல்ல, ஓயாமல் சிந்தவைக்கும் காரணங்களில் இன்று முதலிடம் ஃபேட்டி லிவர் எனப்படும் கொழுப்புக் கல்லீரலுக்கு. தேவைக்கு மேல் வந்துசேரும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றித் தன் செல்களுக்குள்ளேயே அடைக்கிறது. இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாதபோது வயிற்றுக் கொழுப்பிலிருந்து வரும் கொழுப்பு அமிலங்களும் அங்கேயே வந்து குவிகின்றன. குடிப்பழக்கமே இல்லாதவர்களின் கல்லீரலிலும் குடிகாரர்களுடையதுபோன்ற அழற்சியைக் கண்டு, 1980-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லுட்விக்கும் சகாக்களும் அதைத் தனி நோயாகப் பெயரிட்டார்கள். தெற்காசியர்களுக்கு இதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நம்மில் பலருக்குக் கை கால் மெலிந்திருக்கும். கொழுப்பு இடுப்பைச் சுற்றிச் சேரும். எடை இயந்திரம் நல்ல எண்ணைக் காட்டும்போதே கல்லீரலில் கொழுப்பு ஏறியிருக்கும். மது வேறு தடயத்தை விட்டுச்செல்கிறது. அதில் ஏ.எஸ்.டி. ஏ.எல்.டி.யைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆனால் அந்த எண் 300-ஐத் தாண்டுவது அபூர்வம். மது பி6 வைட்டமினைக் கரைத்துவிடுவதால் ஏ.எல்.டி. ஏற முடியாமல் நிற்பதும், செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவை மது தாக்கி அங்கிருக்கும் ஏ.எஸ்.டி.யை வெளியே தள்ளுவதும் இதற்குக் காரணங்கள். இந்த விகிதத்துக்கு டி ரிட்டிஸின் பெயரே நிலைத்துவிட்டது. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள் சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். டெங்கு வந்தால் ஏ.எஸ்.டி. முந்திக்கொண்டு ஏறி, காய்ச்சல் தணிந்தபின் இறங்கும். இளவயதினருக்குக் காரணம் புரியாமல் கூடினால் உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோயையும், உடலே தன் கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு அழற்சியையும் மறக்கக் கூடாது. இரண்டும் அரியவை, இரண்டுக்கும் நல்ல மருந்து உண்டு என்பதால் தவறவிடக் கூடாதவை.

மருந்துகளைப் பற்றிப் பேசும்போதுதான் 'சிந்துவது வேறு, செயலிழப்பது வேறு' என்ற வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடாகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளைக்கு 4 கிராம் வீதம் 14 நாட்கள் பாரசிட்டமால் கொடுத்தார்கள். அது பெரியவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. மருந்து எடுத்த குழுக்களில் 31 முதல் 44 சதவீதம் பேருக்கு ஏ.எல்.டி. எல்லையைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. ஆனாலும் யாருக்கும் கல்லீரல் செயலிழக்கவில்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட்டிலும் இதே கதை. எடுப்பவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு நொதி சற்று ஏறும். பெரும்பாலோருக்கு மருந்தை நிறுத்தாமலே தானாக இறங்கிவிடும். நொதி ஏறியதென்று பயந்து காசநோய் மருந்தைத் தானாக நிறுத்துபவர், சிறிய அபாயத்திலிருந்து தப்பிப் பெரிய அபாயத்தில் விழுகிறார். எப்போது உண்மையில் பயப்பட வேண்டும்? அமெரிக்க மருத்துவர் ஹைமன் ஜிம்மர்மன் கவனித்துச் சொன்ன விதி இதற்கு விடை தருகிறது. மருந்தால் கல்லீரல் செல்கள் சேதமாகி, கூடவே மஞ்சள் காமாலையும் வந்துவிட்டால், பத்தில் ஒருவர் அளவுக்கு உயிரிழப்பு நேரலாம். நொதி மூன்று மடங்கு ஏறியதோடு பிலிருபினும் இரண்டு மடங்கு ஏறுவதைத்தான் இன்றைக்கும் மருந்து ஆய்வுகளில் ஆபத்துக் குறியாக வைத்திருக்கிறார்கள். நொதி மட்டும் ஏறினால் மூட்டைகள் கிழிகின்றன. பிலிருபினும் சேர்ந்து ஏறினால் களஞ்சியமே தள்ளாடுகிறது. இதே தர்க்கத்தின்படிதான், கொலஸ்ட்ராலுக்கான ஸ்டாட்டின் மாத்திரை எடுப்பவர்களுக்கு அடிக்கடி நொதிப் பரிசோதனை தேவையில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-இல் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது.

'இங்கிலீஷ் மருந்துதானே இப்படிச் செய்யும், மூலிகை ஒன்றும் செய்யாது' என்பது நம்மிடையே வலுவாக வேரூன்றிய நம்பிக்கை. சீந்தில் கொடியின் அனுபவம் இதற்குப் பதில் சொல்கிறது. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலரும் சீந்திலை எடுத்தார்கள். அவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அது வேறு இனக் கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்போடு இந்தக் கேள்வி அடங்கவில்லை. இந்தியாவின் 13 மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்களோடு 2022-இல் விரிவான ஆய்வு வந்தது. இனம் மாறியிருக்கலாம் என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டாலும், வாங்கிக் குடிப்பவருக்குத் தன் கையிலிருப்பது எந்தக் கொடி என்று தெரியாது என்பது எச்சரிக்கைக்கு இன்னொரு காரணமே ஆகும். கீழாநெல்லியின் கதை இன்னும் நுட்பமானது, அதில் நேர்மையான முயற்சி இருக்கிறது. 1988-இல் சென்னையைச் சேர்ந்த தியாகராஜனும் சகாக்களும், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பர்க்கோடு சேர்ந்து லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸை உடலில் சுமந்தவர்களில் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே ஆவலோடு பார்த்தது. ஆனால் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு ஏன் இத்தனை குடும்பங்கள் கீழாநெல்லி தங்கள் காமாலையைத் தீர்த்தது என்று உறுதியாகச் சொல்கின்றன? அவர்கள் பொய் சொல்லவில்லை. குடிநீர் வழியே பரவும் ஹெபடைட்டிஸ் ஏ பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நொதி இறங்கும். இறங்கும் நேரத்தில் கையில் எந்த மருந்து இருந்ததோ, பெருமை அதற்குப் போகிறது. எண் ஏறியது மட்டும் நோயை நிரூபிக்காது என்பதுபோலவே, எண் இறங்கியது மட்டும் மருந்தை நிரூபிக்காது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இயல்பான அளவு என்று ஒன்றை அச்சிட்டிருக்கிறார்களே, அதைத் தாண்டினால் நோய், தாண்டாவிட்டால் சுகம் என்று எடுத்துக்கொள்வதில் என்ன தவறு? அந்த எல்லை எப்படி உருவாகிறது என்று பார்த்தால் விடை தெரியும். ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டத்தைச் சோதித்து, நடுவிலிருக்கும் 95 சதவீதம் பேரின் அளவை இயல்பு என்று வைக்கிறார்கள். அதாவது நூறு ஆரோக்கியமானவர்களில் இரண்டு மூன்று பேர் அந்த வரையறைப்படியே மேல் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். மறுபக்கம், அந்தக் கூட்டத்திலேயே அறியப்படாத கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்கள் கலந்திருந்தால் எல்லையே மேலே நகர்ந்துவிடும். 2002-இல் மிலான் நகரில் 6,835 ரத்த தானக்காரர்களின் தரவை எடுத்து, உடல் பருமனும் கொழுப்பு, சர்க்கரைக் கோளாறும் இல்லாதவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டபோது, ஏ.எல்.டி.யின் எல்லை ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்று இறங்கியது. கொரியாவில் 1,42,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-இல் வந்தது. இயல்பு என்று அச்சிடப்பட்ட அளவுக்குள்ளேயே மேல்விளிம்பில் இருந்தவர்கள், கீழே இருந்தவர்களைவிடக் கல்லீரல் நோயால் இறப்பது பல மடங்கு அதிகம் என்று அது காட்டியது. எல்லையைக் குறைத்தால் சுகமாக இருப்பவர்களையெல்லாம் நோயாளியாக்கிவிடுவோமே என்று சிலர் கவலைப்படுவது நியாயமானதே. எண்ணை மதிப்பெண்ணாகப் படிக்கும்வரை அந்தக் கவலை தீராது. கேள்வி எழுப்பும் தகவலாகப் படித்தால், 38 என்ற எண் யாரையும் நோயாளியாக்காது. இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொல்லும், அவ்வளவுதான்.

அப்படியானால் எண் இயல்பாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாமா? இந்த வாதத்தின் மிக முக்கியமான பகுதி இதுதான். பல ஆண்டுச் சேதத்தில் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போவதைச் சிரோசிஸ் என்கிறோம். அந்த நிலையில் ஏ.எல்.டி. முற்றிலும் இயல்பாக இருக்க முடியும். சிந்துவதற்கு மூட்டை குறைந்துபோனால் பாதையில் நெல் கிடக்காது. பாதை சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தால் களஞ்சியம் காலியாவதைக் கவனிக்கத் தவறுவோம். அங்கே பேசுபவை வேறு எண்கள். ஆல்புமின் குறையும், ஆனால் அது ரத்தத்தில் பாதியாகவே சுமார் 20 நாட்கள் எடுக்கும் புரதம் என்பதால் மெல்லத்தான் குறையும். ரத்தம் உறையும் நேரம் சீக்கிரமே நீளும். கல்லீரல் இறுகி, அங்கே போக வேண்டிய ரத்தம் மண்ணீரலில் தேங்குவதால் ரத்தத் தட்டணுக்கள் குறையும். நொதிகளையும் தட்டணுக்களையும் வயதையும் சேர்த்துக் கணக்கிடும் ஃபிப்-4 என்ற எளிய சூத்திரம் 2006-இல் வந்தது. வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கி, தட்டணு எண்ணிக்கையையும் ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் போதும். விடை 1.3-க்குக் கீழே என்றால் பெரிய அளவில் தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு, 2.67-க்கு மேலே என்றால் கல்லீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: ஏ.எல்.டி. வகுக்கும் இடத்தில் இருக்கிறது. நாம் பயந்து பார்த்த அதே எண், தழும்பைக் கணக்கிடும்போது கூடக்கூட விடையைக் குறைக்கிறது. மதிப்பெண் வாசிப்பு தவறு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

இன்னொரு ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து வரும். இத்தனை காரணங்களுக்கும் ஏறும், நோய் முற்றினால் ஏறாது என்றால், இந்தச் சோதனையே எதற்கு? இங்கிலாந்தின் பர்மிங்காமில் பொது மருத்துவர்களிடம் வந்து, நொதி கூடியிருப்பதாகத் தெரிந்த 1,290 பேரை முழுமையாக ஆராய்ந்தார்கள். அவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே குறிப்பிட்ட கல்லீரல் நோய் இருந்தது. முதல் பார்வையில் இது ஆட்சேபத்தை ஆதரிப்பதுபோலத் தோன்றும். ஆனால் அதே மக்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் தெரிந்தது. அரிய நோயைத் தேடிப் போன சோதனை, பரவலான ஒன்றைக் கண்டுபிடித்தது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது கல்லீரல் நோயைவிட இதயநோய்தான் என்பதை நினைத்தால், அந்த நட்சத்திரத்தின் மதிப்பு கூடுகிறது. அது உடலின் சர்க்கரை, கொழுப்புக் கணக்கு முழுவதையும் திறந்து பார்க்கச் சொல்லும் அழைப்பு. 'ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம்' என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் போதாது. பர்மிங்காமில் மீண்டும் சோதித்தபோது ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எண் அப்படியே கூடியிருந்தது. கசிவு நின்றதா என்று பார்க்கத் திரும்பச் சோதிக்கலாம். காரணத்தைத் தேடாமல் இருப்பதற்குச் சாக்காக அது ஆகக் கூடாது.

ஆகவே நட்சத்திரம் போட்ட அறிக்கையோடு மருத்துவரிடம் போகிறவர் கையில் அறிக்கையைவிட முக்கியமான சில விவரங்கள் இருக்க வேண்டும். கடந்த சில மாதங்களில் எடுத்த எல்லா மாத்திரைகளும், மூலிகைப் பொடிகளும், ஜிம்மில் வாங்கிய டப்பாக்களும், மதுவின் உண்மையான அளவு, பரிசோதனைக்கு முந்தைய வாரத்தில் கடும் உடலுழைப்போ காய்ச்சலோ இருந்ததா என்பது, இடுப்பின் சுற்றளவு, குடும்பத்தில் கல்லீரல் நோய் உண்டா என்பது, பழைய அறிக்கைகள் இருந்தால் அவையும். ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை ஒருமுறையாவது செய்திருக்க வேண்டும். கண் மஞ்சளிப்பது, சிறுநீர் கடும் மஞ்சளாவது, வயிறு வீங்குவது, ரத்த வாந்தி, பேச்சுக் குழறல், பகல் முழுதும் தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் எண்ணை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணம் கொழுப்புதான் என்று உறுதியானால், அங்கே மருந்தைவிட வலுவான ஒன்று நம் கையில் இருக்கிறது. கியூபாவில் 293 பேரை ஓராண்டு கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரல் அழற்சி நோய் நீங்கியது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தழும்பே குறைந்தது. 80 கிலோ எடையுள்ளவருக்கு அது 8 கிலோ.

தழும்பு குறைந்தது என்ற அந்தக் கடைசி விவரம்தான் இந்த உறுப்பின் மேல் மரியாதையை வரவழைக்கிறது. கல்லீரல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் ஆற்றலுள்ளது. பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் சில மாதங்களில் பழைய அளவுக்கு வளர்ந்துவிடும். அதற்கு வலி தெரியாது. நோவதெல்லாம் அதைச் சுற்றியிருக்கும் உறைதான். எனவே அது முறையிடுவதில்லை, கடைசிக் கட்டம் வரை வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. ரத்தத்தில் சிந்தும் அந்தச் சில நொதிகள்தாம் அது நேரத்தோடு நமக்கு அனுப்பும் ஒரே செய்தி. களஞ்சியம் நிறைந்திருக்கும்போதே, மூட்டையைத் தைத்துவிட முடியும் என்ற கட்டத்திலேயே வரும் செய்தி அது. அதைக் கண்டு கலங்குவதாலோ மடித்து அலமாரியில் வைப்பதாலோ கல்லீரலுக்கு ஒரு நன்மையும் இல்லை. எங்கே கிழிந்தது என்று குனிந்து பார்ப்பவருக்குத்தான் அது உதவும்.